வயல் வேலை செய்கிறவருக்கு நடைப்பயிற்சி எதற்கு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருவாரூரிலிருந்து:
"வயல்ல நடக்காத நடையா மாப்பிள்ளை?" என்பார் என் மாமனார். அதில் நியாயமும் உண்டு. நாற்றுக்கட்டு சுமந்து, கதிர் அடித்து, நாள் முழுக்க மூச்சு வாங்கிய உடம்பு அது. ஆனால் இப்போது நடவுக்கும் மெஷின், அறுப்புக்கும் மெஷின். பைக்கில் மோட்டார் கொட்டகைக்குப் போய்வருவதுதான் மிச்சம். சாப்பாடு மட்டும் பழைய அளவு. சர்க்கரை வந்துவிட்டது.

வாரத்துக்கு 150 நிமிடமாவது விறுவிறுப்பாக நடக்கச் சொன்னார் டாக்டர். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவும் அதுதான். சரி என்று கமலாலயக் கரைக்கு அழைத்துப் போனேன். ஐந்து வேலிப் பரப்புள்ள கோயில் குளம், ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். ஆனால் இவர் தெரிந்த முகத்தைக் கண்டால் நின்றுவிடுவார். குறுவை, ஆற்றில் தண்ணீர், நெல் விலை. இப்படி நின்று நின்று போனால் நாடித்துடிப்பு ஏறவே ஏறாது. ஏறிய துடிப்பு கொஞ்ச நேரம் இறங்காமல் இருக்க வேண்டும். அப்போதுதான் இதயமும் நுரையீரலும் பழகும், தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். மாமனார் தேவாரம் பாடிப் பார்ப்பார். ஒரு பாட்டு முழுசாக வந்துவிட்டால் நடையை எட்டிப் போடுவார்! இப்போது மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்பதில்லை. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். மாத்திரை தொடர்கிறது. நடக்கிறோமே என்று டாக்டரைக் கேட்காமல் யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

மன்னார்குடியிலிருந்து:
போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். நம் பையன்கள் பலர் முதல் நாளே தலைதெறிக்க ஓடி, பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். என் தம்பியை அவன் பி.டி. சார் முதலில் மெதுவாக, நீண்ட தூரம் ஓடவிட்டார். வேகமெல்லாம் அப்புறம்தான். சில மாதங்களில், சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவன் நாடித்துடிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் ரத்தத்தைத் தள்ளப் பழகிவிட்டது என்று சார் விளக்கினார். தேர்விலும் நேரத்துக்குள் ஓடி முடித்தான்.

கும்பகோணத்திலிருந்து:
அம்மாவுக்கு மூட்டுவலி, வேகமாக நடக்க முடியாது. டாக்டரைக் கேட்டு, பழைய லேடீஸ் சைக்கிளைத் தூசி தட்டினோம். உடம்பின் பாரம் சீட்டில் இறங்கிவிடுவதால் முழங்காலுக்குச் சிரமம் குறைவு. காவிரிக்கரை ரோட்டில் காலையில் வெயிலுக்கு முன்னால் போய்வருகிறார். இதுவும் அதே கணக்குதான், மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும்.