உங்க தெருவுல, வீட்டுல நாய்க்குக் கேன்சர் பார்த்திருக்கீங்களா? அனுபவத்தைச் சொல்லுங்க

வியாசர்பாடி வாசி:
எங்க தெருவுல கருப்பின்னு ஒரு பெண் நாய். போன மழைக்காலத்துல அது படுத்து எழுந்த இடத்துலல்லாம் ரத்தச் சொட்டு. "ஹீட்ல (இணை சேர்ற பருவத்துல) இருக்கு, தானா நின்னுடும்"னு டீக்கடையில எல்லாரும் சொன்னாங்க. மாசம் தாண்டியும் நிக்கல. பிஸ்கட் போட்டுப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தா, பின்பக்கம் காலிஃப்ளவர் மாதிரி செவசெவன்னு சதை பிதுங்கி நிக்குது. தொட்டா உதிருது, வாடை வேற.

நாய்னு சொன்னதும் பாதி ஆட்டோ நிக்காது, அது தனிக் கதை. ஒருவழியா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். 1903-ல ஆரம்பிச்ச காலேஜ், இன்னைக்கும் காலையில ஓபி வரிசை வாசல் வரைக்கும் நிக்கும். அந்தச் சதை மேல கண்ணாடித் தகட்டை ஒத்தி எடுத்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க. டி.வி.டி (TVT) கட்டின்னாங்க, நாய்க்கு நாய் தொத்துற ஒரு கேன்சர்.

டாக்டர் சொன்னதுல எனக்குப் புதுசு இது: மத்த கேன்சர்ல அந்த நாயோட சொந்த செல்தான் கெட்டுப் பெருகும். இதுல அப்படி இல்ல. இணை சேரும்போது நோய் உள்ள நாயோட கேன்சர் செல்லே வந்து ஒட்டி வளருது. ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி ஏதோ ஒரு நாய்க்கு வந்த கட்டிதான், உடம்பு மாறி மாறி உலகம் பூரா இன்னும் உயிரோட இருக்காம். மனுஷனுக்குத் தொத்தாது, பயப்படாதீங்க.

நல்ல செய்தி என்னன்னா, பெரும்பாலும் முழுசா குணமாகிடும். வின்கிரிஸ்டின்னு ஒரு மருந்து, வாரம் ஒரு ஊசி, நரம்புல போடணும். முன்னாடி ரத்தத்துல வெள்ளை அணு எவ்வளவுன்னு பார்த்துப்பாங்க. மருந்து நரம்பை விட்டு வெளிய கசிஞ்சா அந்த இடமே வெந்து புண்ணாகிடும். அதனால துள்ளுற நாயை அசையாம பிடிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்.

ரெண்டு மூணு ஊசியிலயே சதை சுருங்கிடும். அங்கதான் நிறைய பேர் நிறுத்திடறாங்க. உள்ள மிச்சம் இருந்தா திரும்ப வரும். டாக்டர் போதும்னு சொல்றவரைக்கும் போடணும். கஷ்டம் மருந்துல இல்ல, அதே நாயை வாரா வாரம் பிடிக்கறதுலதான். ஆட்டோ சத்தம் கேட்டாலே கருப்பி குப்பைத்தொட்டிக்குப் பின்னாடி போயிடுவா.

இன்னொண்ணு. காதுல வெட்டு இருக்கான்னு பாருங்க, தெருநாய்க்குக் கருத்தடை பண்ணினதுக்கு அதுதான் அடையாளம். கருத்தடை ஆன பெண் நாய்க்கு ஹீட்டே வராது. வெட்டுக்காது நாய்க்கு ரத்தம் வந்தா வேற ஏதோ பிரச்சினைன்னு அர்த்தம்.

மடிப்பாக்கத்து அம்மா:
எங்க பொமரேனியனுக்கு மடியில வந்தது. குளிப்பாட்டும்போது காம்புக்கு ஓரமா விரலுக்குக் கட்டியா தட்டிச்சு. தடவிப் பார்த்து நல்ல கட்டியா கெட்டதான்னு யாராலயும் சொல்ல முடியாது. பெண் நாய்க்கு மடியில வர்ற கட்டியில பாதிக்குப் பாதி கெட்டதா இருக்கும்னு டாக்டர் சொன்னார். நுரையீரலுக்குப் பரவலையேன்னு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துட்டு ஆபரேஷன் பண்ணினாங்க. இப்ப சோபாவை விட்டு இறங்க மாட்டேங்கறா.

"ஒரு தடவையாவது குட்டி போட்டாதான் உடம்புக்கு நல்லது"ன்னு சொல்ற பெரியவங்க எங்க வீட்டுலயும் உண்டு. மடிக் கேன்சர் விஷயத்துல அது சுத்தப் பொய். முதல் ஹீட்டுக்கு முன்னாடி கருத்தடை பண்ணினா இந்தக் கேன்சர் வர்ற வாய்ப்பு ரொம்பவே குறைஞ்சிடும்.

பெசன்ட் நகர் நடைக்காரன்:
எங்க லேப்ரடாருக்குத் தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் நெறி கட்டிச்சு, முழங்காலுக்குப் பின்னாடியும். நம்ம ஊர்ல உண்ணிக் காய்ச்சல்லயும் நெறி கட்டும், அதனால முதல்ல அதுக்குத்தான் மருந்து. குறையல. ஊசியால செல் எடுத்துப் பார்த்ததுல லிம்போமா, அந்த நெறியிலயே வர்ற கேன்சர்.

ஒண்ணு மட்டும் சொல்றேன்: செல் எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டீராய்டு போட்டுடாதீங்க. வீக்கம் வடிஞ்சு நல்லாயிட்ட மாதிரி தெரியும், டெஸ்ட்ல குழப்பும், அப்புறம் கீமோவும் சரியா கேக்காது. எங்க பையனுக்கு கீமோ கொடுத்தோம். முடியெல்லாம் கொட்டல, சாப்பாடும் நிக்கல. முழுசா குணமாகற வியாதி இல்லன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. கடைசி வரைக்கும் பீச்சுக்கு நடந்தே வந்தான்.

பெரம்பூர் புதுசு:
எங்க சந்துல ஒரு ஆண் நாய்க்கு மூக்குல ஒரு பக்கம் மட்டும் ரத்தம் வருது, தும்மிக்கிட்டே இருக்கு. உண்ணிக் காய்ச்சலா இருக்குமோ?

வியாசர்பாடி வாசி:
இருக்கலாம், அதுலயும் மூக்குல ரத்தம் வரும். ஆனா நக்கி மோந்து பார்க்கறதால டி.வி.டி மூக்குக்குள்ளயும் வரும். ரத்த டெஸ்ட்டோட மூக்கையும் பார்க்கச் சொல்லுங்க. பிடிக்க ஆள் இல்லன்னா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை காலையில வலையோட வர்றேன். முந்தின ராத்திரி சோறு மட்டும் வைக்காதீங்க, பசியில இருந்தாதான் கிட்ட வரும்.