புதுப்பிப்பு: நாட் கேட்வே பில் ஏன் எகிறியது?

கொச்சி கிளையண்டோட ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) பில்லில் நாட் கேட்வே (உள் நெட்வொர்க் சர்வர்கள் வெளியே போகிற வாசல்) தொகை மட்டும் ஏன் இப்படி எகிறுது என்று போன வாரம் கேட்டிருந்தேனே, காரணம் கிடைத்துவிட்டது. மும்பை ரீஜனில் (அமேசானின் டேட்டா சென்டர் பகுதி) பிரைவேட் சப்நெட்டில், அதாவது இணையத்துக்கு நேரடி வழியில்லாத உள் நெட்வொர்க்கில், இருக்கிற சர்வர்கள் ராத்திரி பேக்கப்பை எஸ்3-க்கு (அமேசானின் ஃபைல் சேமிப்பிடம்) அனுப்பும்போது அத்தனை டேட்டாவும் நாட் வழியாகத்தான் போயிருக்கிறது, அதற்கு மணிக்கணக்கு வாடகை போக, பாம்பாம்பள்ளம் டோல் மாதிரி கடக்கிற ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் காசு.

நீங்கள் பலர் சொன்னபடி எஸ்3 கேட்வே எண்ட்பாயிண்ட், அதாவது நாட் கேட்வேயைத் தொடாமல் எஸ்3-க்குப் போகிற உள்வழி, போட்டாச்சு. அதற்குக் கட்டணமே கிடையாது.

ஆனால் யாரும் சொல்லாத ஒன்று: எண்ட்பாயிண்ட் வந்ததும் எஸ்3 பார்ப்பது நாட் கேட்வேயின் பப்ளிக் ஐபியை அல்ல. பக்கெட் பாலிசியில் (எஸ்3-இல் ஃபைல்கள் இருக்கிற பக்கெட்டை யார் தொடலாம் என்ற விதி) அந்த ஐபியை மட்டும் அனுமதித்து எழுதியிருந்தால் எல்லாம் ஆக்சஸ் டினைடு ஆகும், முதலில் பாலிசியில் எண்ட்பாயிண்ட் ஐடியைச் சேருங்கள். ரூட் மாறும்போது ஓடிக்கொண்டிருக்கும் கனெக்ஷன்கள் அறுபடலாம், அதனால் பேக்கப் ஓடாத நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது. (இங்கே கொழிஞ்சாம்பாறையில் கரண்ட் இருக்கிற நேரமாகவும்!)

ஹைதராபாத் ரீஜனில் இருக்கிற காப்பி பக்கெட்டுக்கு மட்டும் இது உதவாது, எண்ட்பாயிண்ட் ஒரே ரீஜனுக்குள்தான். அங்கே போகிற டேட்டா இன்னும் நாட் வழியாகவே போகிறது. எஸ்3 ரெப்ளிகேஷனுக்கு (ஒரு பக்கெட்டிலிருந்து இன்னொன்றுக்கு எஸ்3-யே காப்பி எடுப்பது) மாற்றலாமா என்று கிளையண்டிடம் கேட்டிருக்கிறேன்.