கடவுச்சொல் சரியாக இருந்தும் அவுட்லுக்கிலும் தண்டர்பேர்டிலும் உள்நுழைய முடியவில்லை

அமராவதிக்கரை (கேள்வி)

வணக்கம். கரூரில் ஒரு சிறிய ஏற்றுமதி அலுவலகத்தின் கணினிகளை நான் கவனித்து வருகிறேன். அங்கே இரண்டு மின்னஞ்சல் கணக்குகள் உள்ளன. ஒன்று ஜிமெயில்; மற்றொன்று நிறுவனத்தின் சொந்த டொமைன் பெயரில் (இணையப் பெயரில்), சர்வர் இடத்தை வாடகைக்குத் தரும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் இயங்குவது. அஞ்சல்களைப் படிக்கவும் அனுப்பவும் கணக்குப் பிரிவில் அவுட்லுக் 2013 என்ற மென்பொருளும் மற்ற கணினிகளில் தண்டர்பேர்ட் என்ற மென்பொருளும் பயன்படுகின்றன.

சென்ற வாரம் உரிமையாளர் பாதுகாப்புக் கருதி இரண்டு கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்றினார். அதுவரை ஒழுங்காக இயங்கிய அவுட்லுக், இப்போது ஜிமெயிலின் புதிய கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் ஏற்பதில்லை. கேட்கும் பெட்டி ஒரு நொடி மறைந்து மறுபடியும் வந்து நிற்கிறது. அதே கடவுச்சொல்லால் பிரவுசரில் தடையின்றி நுழைய முடிகிறது. தண்டர்பேர்டில் டொமைன் கணக்குக்கு அஞ்சல்கள் வந்து சேர்ந்தன. அனுப்பும்போது மட்டும் உள்நுழைவு தோல்வி என்று செய்தி வந்தது. நேற்றுப் பிற்பகல் முதல் அதுவும் போய், அலுவலகத்தின் எந்தக் கணினியிலிருந்தும் டொமைன் கணக்கைத் திறக்க முடியவில்லை. வெகுநேரம் சுழன்றுவிட்டு, சர்வர் பதிலளிக்கவில்லை என்று முடிகிறது. மடிக்கணினியைக் கைப்பேசியின் டேட்டாவில் இணைத்தால் உடனே திறக்கிறது.

கணக்குகளை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதுதான் வழியா? பல ஆண்டு அஞ்சல்கள் அழிந்துவிடுமோ என்ற அச்சத்தில் இன்னும் கை வைக்கவில்லை.

மலைக்கோட்டை

தயவுசெய்து எந்தக் கணக்கையும் நீக்காதீர்கள். அவுட்லுக்கில் கணக்கு பாப் முறையில் (அஞ்சல்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறையில்) அமைந்திருந்தால், பழைய அஞ்சல்கள் சர்வரில் இல்லாமல், அவுட்லுக் அவற்றைச் சேமிக்கும் அந்தக் கணினியின் பிஎஸ்டி கோப்பில் மட்டுமே இருக்க வாய்ப்புண்டு. முதலில் அந்தக் கோப்பைத் தேடி, அவுட்லுக்கை மூடிய நிலையில் வேறொரு வட்டில் படியெடுத்து வையுங்கள்.

நீங்கள் எழுதியதில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மூன்றையும் ஒரே காரணத்தில் அடக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். காரணம் தெரியும்வரை கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதை அலுவலகத்தில் எல்லோரும் நிறுத்த வேண்டும். அது வீண்வேலை என்பதோடு நிற்காமல், நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

முத்துநகர்

அவுட்லுக் 2013-இல் சென்ற வாரம் வரை ஜிமெயில் இயங்கியது என்ற ஒரு செய்தியே முதல் கோளாற்றின் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. கணக்கின் வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் கொண்டு வெளி மென்பொருள்கள் உள்ளே வருவதை, தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30 அன்றே நிறுத்தத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு எஞ்சியிருப்பவை இரண்டு வழிகள். ஒன்று ஓஆத் 2 முறை: மென்பொருள் உங்களை கூகுளின் உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பி, அங்கே நீங்கள் இசைவு அளித்தபின், கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஓர் அனுமதிச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். மற்றொன்று செயலிக் கடவுச்சொல்: இருபடிச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இரண்டாவதாக ஒரு சான்றும் கேட்கும் முறை) இயக்கத்தில் உள்ள கணக்குக்கு கூகுளே உருவாக்கித் தரும் 16 எழுத்துச் சொல். அவுட்லுக் 2013 ஜிமெயிலுக்கு ஓஆத் முறையை அறியாது. ஆகவே உங்களுக்கு முன் அந்தக் கணினியை அமைத்தவர் ஒரு செயலிக் கடவுச்சொல்லை உருவாக்கி அதில் பதிந்திருக்க வேண்டும்.

கூகுள் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால், அதற்கு முன் உருவாக்கிய செயலிக் கடவுச்சொற்கள் அனைத்தும் செல்லாதவை ஆகிவிடும். உரிமையாளர் மாற்றியதும் நடந்தது இதுதான். புதிய முதன்மைக் கடவுச்சொல்லை எத்தனை கவனமாகத் தட்டச்சு செய்தாலும் அவுட்லுக் வழியாக அது ஏற்கப்படாது. பிரவுசரில் ஏற்கப்படுவது இதற்கு முரணும் அன்று. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று புதிய செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்குங்கள். நான்கு நான்கு எழுத்துகளாகப் பிரித்து ஒரே ஒரு முறைதான் காட்டப்படும். இடைவெளி இல்லாமல் சேர்த்து உள்ளிடுங்கள். பாதுகாப்புச் சாவியை (உள்நுழைவை உறுதிசெய்யும் சிறு கருவியை) மட்டுமே இரண்டாம் படியாக வைத்திருக்கும் கணக்குகளிலும், கூகுளின் மேம்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த கணக்குகளிலும் அந்த வசதியே தென்படாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அவுட்லுக்கின் கணக்கு அமைப்பில் 'டெஸ்ட் அக்கவுண்ட் செட்டிங்ஸ்' என்ற பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் உள்வரும் சர்வரில் நுழைவது ஒரு வரியாகவும், சோதனை அஞ்சல் அனுப்புவது இன்னொரு வரியாகவும் தனித்தனி முடிவுகளுடன் தெரியும். இரண்டாவது வரி மட்டும் தோற்றால், 'மோர் செட்டிங்ஸ்' பெட்டியில் வெளிச்செல்லும் சர்வருக்கும் அங்கீகாரம் தேவை என்ற கட்டம் குறியிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அனுப்பும்போது ஜிமெயில் தரும் பிழை எண்ணும் மிகவும் உதவும்: 534 5.7.9 என்று வந்தால் செயலிக் கடவுச்சொல் தேவை என்று பொருள்; 535 5.7.8 என்று வந்தால் கொடுத்த பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை என்று பொருள். பிழைச் செய்தியை முழுமையாகப் படிக்காமல் மூடிவிடும் பழக்கத்தை அலுவலகங்களில் நான் தொடர்ந்து பார்க்கிறேன். விடை பெரும்பாலும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும்.

அமராவதிக்கரை

மிக்க நன்றி ஐயா. பழைய செயலிக் கடவுச்சொல் ஒன்று அமைக்கப்பட்டிருந்ததை உரிமையாளரும் உறுதிப்படுத்தினார். புதியதை உருவாக்கி அவுட்லுக்கில் கொடுத்ததும் இரண்டு வரிகளிலும் பச்சைக் குறி வந்துவிட்டது. பிஎஸ்டி கோப்பையும் படியெடுத்துவிட்டேன். டொமைன் கணக்கு மட்டும் அதே நிலையில் உள்ளது. ஹோஸ்டிங் நிறுவனத்தாரிடம் கேட்டதற்கு, தங்கள் சர்வரில் கோளாறு எதுவும் இல்லை என்கிறார்கள்.

மலைக்கோட்டை

அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தண்டர்பேர்ட் உள்வரும் சர்வருக்கும் வெளிச்செல்லும் சர்வருக்கும் கடவுச்சொற்களைத் தனித்தனிப் பதிவுகளாகச் சேமிக்கிறது. அமைப்புகளில் சேமித்த கடவுச்சொற்களின் பட்டியலைத் திறந்தால், ஒரே முகவரிக்கு ஐமேப் (அஞ்சலைப் பெறும் முறை) என்று தொடங்கும் ஒரு வரியும் எஸ்எம்டிபி (அஞ்சலை அனுப்பும் முறை) என்று தொடங்கும் ஒரு வரியும் இருப்பதைக் காண்பீர்கள். முதல் வரியில் புதிய கடவுச்சொல்லும் இரண்டாவதில் பழையதும் இருந்ததால்தான் அஞ்சல் வந்தது, ஆனால் போகவில்லை. தோல்வி அடைந்தவுடன் தண்டர்பேர்ட் காட்டும் பெட்டியில் 'ரீட்ரை', 'என்டர் நியூ பாஸ்வேர்ட்', 'கேன்சல்' என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். ஊழியர்கள் அவசரத்தில் முதலாவதை அழுத்துவார்கள். அது சேமித்த பழைய கடவுச்சொல்லையே மீண்டும் அனுப்பும்.

நேற்றுப் பிற்பகல் நேர்ந்தது இதன் தொடர்ச்சி என்றே கருதுகிறேன். ஹோஸ்டிங் சர்வர்களில் ஃபெயில்2பேன், சிபிஹல்க் போன்ற காவல் நிரல்கள் இயங்குகின்றன. ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணிலிருந்து) தவறான உள்நுழைவுகள் அடுத்தடுத்து வந்தால், கடவுச்சொல்லைத் திருட யாரோ முயல்வதாகக் கொண்டு அந்த முகவரியைத் தடுத்துவிடுவது அவற்றின் வேலை. ஃபெயில்2பேனின் இயல்பு அமைப்பில் 10 நிமிடத்துக்குள் 5 தோல்விகள் என்றால் 10 நிமிடத் தடை. ஹோஸ்டிங் நிறுவனங்கள் இதைக் கடுமையாக்கிக்கொள்வது உண்டு. உங்கள் அலுவலகக் கணினிகள் யாவும் ஒரே ரூட்டர் வழியாக, வெளியுலகுக்கு ஒரே ஐபி முகவரியாகத் தெரிவதால், ஒரு கணினி செய்த தவறுக்கு அலுவலகம் முழுவதும் வெளியே நிறுத்தப்படுகிறது. கடவுச்சொல் தவறு என்ற பதில்கூட வராமல் நேரம் கடந்து முடிவதும், கைப்பேசி டேட்டாவில் மட்டும் திறப்பதும் இதற்கான தெளிவான அடையாளங்கள்.

எஸ்எம்டிபி வரியை நீக்கிவிட்டு, அஞ்சல் அனுப்பும்போது கேட்கப்படும் இடத்தில் புதிய கடவுச்சொல்லைக் கொடுங்கள். பயனர்பெயராக முழு மின்னஞ்சல் முகவரியும் இருக்க வேண்டும். முகவரியின் முன்பாதியை மட்டும் எழுதினால் பல வாடிக்கையாளர்கள் பகிரும் ஹோஸ்டிங் சர்வர்கள் பொதுவாக ஏற்பதில்லை. பிறகு அலுவலக வைஃபையில் இணையும் கைப்பேசிகளைச் சோதியுங்கள். யாரேனும் ஒருவருடைய கைப்பேசியில் பழைய கடவுச்சொல் தங்கியிருந்தால், அது பின்னணியில் தானாகவே முயன்றுகொண்டிருக்கும். தடையை நீக்கினாலும் மறுநாள் மீண்டும் விழும். இவற்றை முடித்தபின், அலுவலகத்தின் வெளி ஐபி முகவரியைக் குறிப்பிட்டு, அது தடைப்பட்டியலில் உள்ளதா என்று ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள். சர்வர் இயங்குகிறதா என்ற கேள்விக்கு இயங்குகிறது என்றுதான் அவர்களால் சொல்ல முடியும்.

பொதிகைச்சாரல்

மேலே சொன்னவற்றோடு ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். இப்படிப்பட்ட தோல்விகளுக்கு மறையாக்கத்தை (பிறர் படிக்க முடியாதபடி தரவை மாற்றி அனுப்புவதை) 'நன்' (None, ஏதுமில்லை) என்று வைக்கச் சொல்லும் அறிவுரை இணையத்தில் நிறையக் கிடைக்கிறது. அதைப் பின்பற்றினால் கடவுச்சொல் வெறும் எழுத்துகளாகவே கம்பியில் பயணிக்கும். ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கு 465 ஆகிய போர்ட்டுகளை (சர்வரின் இணைப்பு வாயில் எண்களை) எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் முறையிலோ (தொடக்கத்திலிருந்தே மறையாக்கம்), அனுப்புவதற்கு 587-ஐ ஸ்டார்ட்டிஎல்எஸ் முறையிலோ (இணைந்தபின் மறையாக்கம்) வையுங்கள். 465-இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று மாற்றி அமைத்தாலும் இணைப்பு தொங்கிக்கொண்டே நிற்கும். பலர் அதையும் கடவுச்சொல் பிழை என்றே எண்ணுகிறார்கள்.

சர்வர் தன்னை அடையாளம் காட்டத் தரும் சான்றிதழ் செல்லாது என்று செய்தி வந்தால், கணினியின் தேதியை முதலில் பாருங்கள். மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினிகள், மின்சாரம் போய் வந்ததும் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அந்தத் தேதியில் சர்வரின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்பதால் இணைப்பு மறுக்கப்படுகிறது.

அமராவதிக்கரை

தடைப்பட்டியலில் எங்கள் ஐபி முகவரி இருந்தது, நீக்கிவிட்டார்கள். கிடங்குப் பொறுப்பாளரின் கைப்பேசியில் பழைய கடவுச்சொல் இருந்ததையும் கண்டுபிடித்து மாற்றினோம். ஒரு கடைசிக் கேள்வி: உரிமையாளரிடம் மைக்ரோசாஃப்ட்டின் மின்னஞ்சல் சேவையான அவுட்லுக்.காமில் ஒரு கணக்கும் உண்டு. அதற்கும் செயலிக் கடவுச்சொல் உருவாக்கி அவுட்லுக் 2013-இல் சேர்க்கலாமா?

முத்துநகர்

அது இயலாது. அவுட்லுக்.காம் உள்ளிட்ட தனிநபர் கணக்குகளுக்குக் கடவுச்சொல் வழி உள்நுழைவை மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16 முதல் விலக்கிக்கொண்டது. செயலிக் கடவுச்சொல்லும் அந்த விலக்கில் அடங்கும். அவுட்லுக் 2013-க்கான ஆதரவும் 2023 ஏப்ரல் 11 அன்றே முடிந்துவிட்டது. அந்தக் கணக்கைத் தண்டர்பேர்டில் சேர்த்து, உள்வருவதற்கும் வெளிச்செல்வதற்கும் அங்கீகார முறையை ஓஆத் 2 என்று தேர்ந்தெடுங்கள். உள்நுழைவுச் சாளரம் வெறுமையாக நின்றால், தண்டர்பேர்டின் தனியுரிமை அமைப்பில் குக்கிகள் (இணையப் பக்கங்கள் கணினியில் சேமிக்கும் சிறு குறிப்புகள்) அனுமதிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். அவை அடைபட்டிருந்தால் ஓஆத் முறை நிறைவேறாது.