சிறு பழக்கம் போதுமா, முழுத் திட்டம் வேண்டுமா?

வைகறை:
உணவு அட்டவணை, நாள்தோறும் ஒரு மணி நேர உடற்பயிற்சி என்று மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் ஒரு மாதத்துக்குள் கைவிட்டவன் நான். இப்போது இரண்டு செயல்களை மட்டுமே வைத்திருக்கிறேன்: இரவு உணவு முடிந்ததும் பத்து நிமிட நடை; தட்டில் பாதியளவு காய்கறி. ஐந்து மாதங்களாக இவை நிற்கவில்லை. பெரிய திட்டங்களே நம்மைத் தோற்கடிக்கின்றன என்பது என் வாதம். மறுப்பவர்கள் காரணத்துடன் மறுக்கலாம்.

கணக்கன்:
மறுக்கிறேன். பத்து நிமிடத்தை ஏழு நாளால் பெருக்கினால் 70 நிமிடம் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். நீங்கள் முதலாவதில் பாதியைக்கூட எட்டவில்லை. இரண்டாவதைத் தொடவே இல்லை. ஐந்து மாதம் தொடர்ந்ததைப் பாராட்டுகிறேன், ஆனால் தொடர்ந்து செய்வது வேறு, போதுமான அளவு செய்வது வேறு. இந்தப் பழக்கம் உங்கள் உடலிடம் எதையும் கேட்காததால்தான் இவ்வளவு எளிதாக நிலைத்திருக்கிறதோ என்று எனக்கு ஐயம்.

வைகறை:
அதே பரிந்துரை, சிறிதளவு உடலுழைப்பும் ஒன்றுமே இல்லாததைவிட மேலானது என்றும் சொல்கிறது. தொடர்ச்சியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று 2010-இல் இருந்த நிபந்தனையையும் நீக்கிவிட்டது. தவிர, உணவுக்குப் பின் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேளையில், இயங்கும் தசைகள் இன்சுலினை அதிகம் நம்பாமலேயே அதை எடுத்துக்கொள்கின்றன. எனவே பத்து நிமிடம் எந்த நேரத்தில் நடக்கப்படுகிறது என்பதும் முக்கியம்.

பழக்கம் உருவாவது குறித்து லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் கலந்துகொண்டனர். உண்பது, பருகுவது, உடலை இயக்குவது ஆகியவற்றில் ஒரு செயலைத் தேர்ந்து, அன்றாடம் நிகழும் ஏதேனும் ஒன்றுடன் இணைத்து அவர்கள் செய்தார்கள். அது யோசனையின்றி நிகழும் நிலையை எட்ட நடுத்தர அளவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்வதை நம்பி, 22-ஆம் நாள் மனமுடைந்தவர்களில் நானும் ஒருவன்.

கணக்கன்:
அந்த ஆய்வு நடந்தது 12 வாரம், அதாவது 84 நாள் மட்டுமே. 254 நாள் என்பது யாரும் காத்திருந்து கண்ட எண் அன்று. பழக்கம் நாளுக்கு நாள் வலுப்பதைக் காட்டும் கணித வளைவை நீட்டிப் பெற்ற மதிப்பீடு. அந்த வளைவு நன்றாகப் பொருந்தியதும் 39 பேருக்குத்தான். அதைவிட முக்கியமாக, உடற்பயிற்சியைத் தேர்ந்தவர்களுக்கு மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காலம் பிடித்தது. அந்த நீண்ட காலத்தை வெறும் பத்து நிமிடத்துக்காகவா செலவிடுவது? அளவு எப்போது உயரும் என்று முதல் நாளே எழுதி வைக்காத பழக்கம், ஓராண்டு கழித்தும் பத்து நிமிடமாகவே இருக்கும்.

நிழல்மரம்:
இருவரும் நடையைப் பற்றியே பேசி, உணவை ஒரு தட்டோடு விட்டுவிட்டீர்கள். 70 கிலோ எடையுள்ளவர் பத்து நிமிடம் நடந்தால் செலவாவது ஏறத்தாழ 40 கலோரி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்தப்பட்ட உணவும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் தந்து, விரும்பிய அளவு உண்ணவிட்டனர். பரிமாறப்பட்டதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒத்திருந்தும், முதல் வகை உணவின்போது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர். எடையும் சுமார் 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் ஏறக்குறைய அதே அளவு இறங்கியது. வீட்டில் எதை வாங்கி வைக்கிறோம் என்பதை மாற்றாமல் நிமிடங்களை எண்ணுவது, ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதுதான்.

கணக்கன்:
இதை ஏற்கிறேன், குடம் என்பது மட்டும் சற்று மிகை. நடையின் பயன் எடையோடு முடிந்துவிடுவதில்லை. வைகறை அவர்களிடம் ஒரு கேள்வி: காய்கறி வேறொன்றின் இடத்தைப் பிடித்ததா, அல்லது ஏற்கெனவே உண்டதன் மேல் கூடுதலாக வந்து சேர்ந்ததா?

வைகறை:
தட்டில் மற்றவை குறைந்தன. ஆனால் மாலையில் குடிக்கும் இனிப்புப் பானம் அப்படியே இருக்கிறது. அதை முதற்பதிவில் எழுதாமல் விட்டது என் தவறு. இனி அதை வாங்கி வைக்கப்போவதில்லை. தசைப் பயிற்சி இல்லை என்ற குறையையும் ஒப்புக்கொள்கிறேன். திங்களும் வியாழனும் இரவு உணவுக்கு முன், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரத் தொடங்குகிறேன். நடையை 20 நிமிடமாக்கத் தேதி மட்டும் குறிக்க மாட்டேன். முந்தைய மூன்று முயற்சிகளும் தேதி குறித்துத்தான் கெட்டன.

கணக்கன்:
பத்து முறை என்பது எத்தனை வாரத்தில் பதினைந்தாகும் என்பதையாவது எழுதுங்கள். ஆறு வாரம் கழித்து வந்து கேட்பேன்.