புதுப்பிப்பு: சுவரேற இடம் கேட்டிருந்தேனே, போய் வந்துவிட்டேன்

பாளையங்கோட்டையிலிருந்து சென்னை போகிறேன், உள்ளரங்கில் சுவரேறும் விளையாட்டுக்கு எந்த இடம் தோது என்று போன மாதம் கேட்டிருந்தேன். நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய் இரண்டைப் பார்த்தாச்சு.

முதலாவது போல்டரிங். கயிறு கிடையாது, சுமார் நான்கு மீட்டர் சுவர், கீழே தடித்த மெத்தை. சுவரில் பொருத்தியிருக்கும் ஒரே நிறப் பிடிகளைத் தொடர்ந்து ஏற வேண்டும். விழலாம், எழலாம், யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். வாடகை ஷூதான் ஒரு அளவு பெரிது. சின்னப் பிடியில் கால் நிற்கவே இல்லை. விரல் மடங்குமளவு இறுக்கமாக இருக்கணுமாம், அப்புறம்தான் தெரிந்தது.

இரண்டாவதில் கயிறு. நல்ல உயரம். ஆனால் கீழே கயிறு பிடிக்க ஆள் வேண்டும். தனியாகப் போன எனக்குப் பாதி நேரம் காத்திருப்பிலேயே போனது.

வியர்த்த கைக்கு மக்னீசியம் கார்பனேட் தூள் வேறு. தளைநார் மாட்டிப் பனையேறிய எங்கள் தாத்தா பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

சரி, அடுத்த முறையும் முதல் இடம்தான், சொந்த ஷூவோடு.