பொலிஸ் மா அதிபரை ஜனாதிபதி நினைத்தவுடன் நீக்கலாமா?

ஹட்டன் ஏ/எல் மாணவி: மத்திய மாகாண ஆளுநரை ஒரு கடிதத்தில் மாற்றுகிறார்கள். பொலிஸ் மா அதிபருக்கு மட்டும் ஏன் அவ்வளவு இழுபறி?

பண்டாரவளை: ஆளுநர் ஜனாதிபதியின் விருப்பம் உள்ளவரைதான் பதவியில் இருப்பார் (அரசியலமைப்பின் 154ஆ உறுப்புரை). பொலிஸ் மா அதிபர், சட்டமா அதிபர் கதை வேறு. துர்நடத்தை, அதிகார துஷ்பிரயோகம் என்று நீக்குவதானால் 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி பாராளுமன்றம் வழியாகத்தான் போகவேண்டும். முதலில் விசாரணைக் குழுவுக்கான பிரேரணை. அதில் மூன்றிலொரு பங்கு, அதாவது 75 எம்.பி.மார் கையொப்பமிட வேண்டும். குழுவில் மூவர்: பிரதம நீதியரசர் பெயரிடும் உயர் நீதிமன்ற நீதியரசர், பொலிஸ் ஆணைக்குழுத் தலைவர், பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் இணங்க சபாநாயகர் நியமிப்பவர். குற்றம் நிரூபணமானால் நீக்கும் பிரேரணை வரும்.

கொட்டகலை சட்டத்தரணி: எல்லாரும் சறுக்கும் இடம் வாக்கெண்ணிக்கை. வந்திருப்போரில் பெரும்பான்மை போதாது, 225 பேரில் 113 வேண்டும். வராமல் இருப்பதும் எதிர்த்து வாக்களிப்பதும் கணக்குக்கு ஒன்றுதான். பொலிஸ் மா அதிபராக இருந்த தேசபந்து தென்னகோன் விடயத்தில் 2025 ஏப்ரல் 8இல் குழுவுக்கு ஆதரவாக 151 வாக்குகள், ஓகஸ்ட் 5இல் நீக்கத்துக்கு 177. எதிராக ஒன்றுமில்லை. கடைசி ஆணை ஜனாதிபதியுடையதுதான்.

ஹட்டன் ஏ/எல் மாணவி: நன்றி சேர். அமைச்சுச் செயலாளர்?

பண்டாரவளை: 52ஆம் உறுப்புரையைப் பாருங்க தங்கச்சி. அங்கே இந்தப் பாதுகாப்பு கிடையாது.