காந்தத் திரவ ஃபைபர் சென்சார்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

அஸ்தம்பட்டி:
காந்தப்புலத்தை அளக்க ஒரு ஃபைபர் சென்சார் செய்தோம்; காந்தத்தை எடுத்த பிறகும் குழி, அதாவது வெளிவரும் ஒளி குறைந்துபோகும் அலைநீளம், பழைய இடத்துக்குத் திரும்பவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. எல்லாரும் செய்வதுதான், 125 மைக்ரான் ஒளியிழையை (ஃபைபர்) சூடாக்கி இழுத்து மெலிதாக்கி, கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு, அதில் ஃபெரோஃப்ளூயிட் (நுண்ணிய காந்தத் துகள்கள் மிதக்கும் திரவம்) நிரப்பி இரண்டு முனையையும் பசையால் அடைத்தோம். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி வருகிறது என்று காட்டும் அனலைசர் திரையில் 1550 நானோமீட்டர் பக்கம் இருந்த குழி நகர்ந்தது பாருங்கள், அடுத்த மேசையில் இருந்த மேடம்கூட எழுந்து வந்துவிட்டார். காந்தத்தை அறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன். குழி பாதி தூரம் வந்து நின்றது, அப்புறம் மெல்ல ஊர ஆரம்பித்தது. சேலத்து மே மாதம், ஏசி இல்லாத அறை.

ஓமலூர்:
பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது தம்பி, வெப்பம்தான். எங்கள் அறையில் கரண்ட் போய் ஃபேன் நின்றபோது காந்தமே இல்லாமல் குழி நகர்ந்தது. சூடேறினால் திரவத்தின் ஒளிவிலகல் எண் குறையும், காந்தப்புலமும் அதே எண்ணைத்தான் மாற்றுகிறது, திரையில் பிரித்துப் பார்க்க வழியில்லை. அதே ஃபைபரில் ஒரு பிராக் கிரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும் வரிவரியான அமைப்பு) வையுங்கள், அது காந்தத்தைக் கண்டுகொள்ளாது, வெப்பத்துக்கு நகரும், அந்தக் கணக்கைக் கழித்துவிடலாம். இழுவிசை படாமல் ஒட்டுங்கள், குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், ஒரு சாண் தள்ளினாலும் வெப்பநிலை வேறாகிவிடும். தண்ணீரில் கலந்த திரவமென்றால் பசை விட்ட இடத்தில் ஆவியாகும், குமிழி விழுந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

இளம்பிள்ளை:
ஓமலூர் அண்ணா எல்லாப் பழியையும் வெப்பத்தின் தலையில் போடுகிறார், நான் ஒப்பமாட்டேன். புலத்தில் துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும், புலம் போனபின் அவை கலைய நேரம் பிடிக்கும். நான் திரவத்தையே செய்து பார்த்தவன். ஃபெரிக், ஃபெரஸ் குளோரைடு கரைசலில் அம்மோனியா விட்ட நொடியில் பழுப்பு நிறம் மொத்தமும் கன்னங்கரேல் என்று மாறியது, மூக்கெரிச்சல்கூட உறைக்கவில்லை. கஞ்சமலை அடிவார மணலில் காந்தம் போட்டால் ஒட்டுமே, அதே மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடுதான். ஆனால் இது சுமார் 10 நானோமீட்டர், ஒலீயிக் அமிலம் பூசியிருப்பதால் அடியில் தங்காது. பூச்சு சரியில்லையென்றால் காந்தம் வைத்த பக்கமே திரண்டுவிடும், பிறகு குழி எங்கே திரும்பும்? காந்தத்தை ஃபைபருக்குக் குறுக்கே காட்டினீர்களா, நெடுகவா? அதற்கும் நகர்வு மாறும்.

அஸ்தம்பட்டி:
குறுக்கேதான். குமிழி இல்லை, பார்த்துவிட்டேன். பாதியில் நின்றது ஒன்று, ஊர்ந்தது வேறொன்று என்றுதான் இப்போது படுகிறது. கிரேட்டிங் கைவசம் இல்லை, குழாயை ஒட்டி வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் வைத்து, காந்தமே இல்லாமல் காலையிலிருந்து ஓடவிடப் போகிறேன்.